சைபர் தள்ளிய தொட்டி

சைபர் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் ஓர்ப்படியின் வாயால்தான். என் வீட்டுக்காரரின் கடைசித் தம்பி மனைவி அவள். மகனுக்குக் கல்யாணமாகி மாதம்கூட முடியவில்லை, மூச்சிரைக்க என் வீட்டுப் படியேறி வந்து உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டுக்கு ஒரு சைபர் வந்திருக்கு அக்கா."

"அது யாரு சைபர்?"

"வேற யாரு, என் மருமகதான். ஸ்கூல்ல டீச்சர் கேட்டாங்களாம், ஒருத்தன் நாள் முழுக்கச் சுவரைத் தள்ளுறான், வேர்த்துக் கொட்டுது, சுவரு நகரல, அவன் எவ்வளவு வேலை செஞ்சான்னு. இவ எழுந்து, 'சுவரு நகராட்டி வேலையே இல்ல, பூஜ்யம், சைபர்'னு சொன்னாளாம். எல்லாரும் கை தட்டினாங்களாம். அதை என்கிட்ட வந்து பெருமையாச் சொல்றா. நேத்து வாளித் தண்ணியைத் தூக்கிட்டு நிக்கிறேன், வந்து வாங்குடின்னா, 'நிக்கிற வரைக்கும் கணக்குப்படி வேலை சைபர்தான் அத்தை'ன்னு சிரிக்கிறா!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் என்னை முறைத்தாள். அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு எங்கள் குடும்பத்தில் அதுவே பெயராகிவிட்டது. அவள் ஒன்றும் அந்நியம் இல்லை. அவளுடைய அம்மா, தையல்காரி, என் அண்ணியின் சித்தி மகள்தான். புருஷன் போனபிறகு மிஷினை மிதித்தே மகளைப் பத்தாவது வரை படிக்கவைத்தவள்.

ஓர்ப்படி அப்போது மீன் கிடங்கில் வேலை பார்த்தாள். கல்லாய் உறைந்த மீனைப் பெரிய இரும்புத் தொட்டிகளில் போட்டு, ஐஸ் அறைக்குள் அடுக்கிவைக்கும் கிடங்கு. மருமகளையும் அங்கேயே சேர்த்துவிட்டாள். வீட்டில் இருந்து கணக்குப் பேசுவதற்கு அங்கே வந்து பேசட்டும் என்றாள்.

அங்கே சைபருக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? தொட்டியில் ஒரு வில் தராசை மாட்டி இழுத்துப் பார்ப்பது. இழுக்க இழுக்க முள் ஏறும். தொட்டி தரையைவிட்டு அசையும் அந்த நொடியில் முள் எங்கே நிற்கிறதென்று பார்த்து, இதற்கு மூன்று பேர், இதற்கு நான்கு பேர் என்று கத்துவாள். கிளம்பும்போதுதான் பாரம் அதிகம், ஓட ஆரம்பித்துவிட்டால் குறைந்துவிடும் என்பாள். தொட்டியின் கால் தரையோடு சேர்ந்து உறைந்துபோயிருந்தால், கெட்டிலில் வெந்நீர் கொண்டுபோய் ஊற்றி, இறுகுவதற்குள் தள்ளிவிடுவார்கள்.

"இடுப்பொடியத் தள்ளுறது நாங்க, மகாராணி முள்ளைப் பாத்துட்டு நிக்கிறா" என்று ஓர்ப்படி அங்கேயும் விடவில்லை. மாமியாரும் மருமகளும் ஒரே பஸ்ஸில் போய், ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள். வழி நெடுக ஒரு வார்த்தை இருக்காது.

அந்தச் சனிக்கிழமை அரைநாள் வேலை. கடைசித் தொட்டியையும் வெந்நீர்க் கெட்டிலையும் சக்கர வண்டியில் வைத்து இவர்கள் இருவரும் ஐஸ் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். அறையின் ஒரு மூலையை ஒட்டி இருந்த அந்தக் கதவு தானாக மூடிக்கொள்ளும் கதவு. தண்டவாளத்தில் உள்பக்கச் சுவரை ஒட்டி நகர்ந்து திறக்கும். இவர்கள் நுழைந்ததும் வழக்கம்போல மூடிக்கொண்டது. உள்ளே திரும்பும்போது வண்டியின் முன்சக்கரம் முறிந்தது. தொட்டி சரிந்து இறங்கி, கதவு நகரவேண்டிய பாதையில், சுவரோடு சுவராகத் தரையில் உட்கார்ந்துவிட்டது.

முதலில் ஓர்ப்படி திட்டத்தான் செய்தாள். "முள்ளை மட்டும் பாரு, சக்கரத்தைப் பாத்துடாத!" பிறகு கதவைப் பிடித்து இழுத்தாள். விரல் நுழையும் அளவுக்குக்கூட அது நகரவில்லை. உள்ளே இருந்த மணிப் பொத்தானை அழுத்தினாள். பனி ஏறி எத்தனையோ காலமாக அது வேலை செய்யவில்லை. இருவரின் போனும் வெளியே உடை மாற்றும் அறையில் இருந்தது.

இருவரும் சேர்ந்து கதவைத் தட்டினார்கள். ஐஸ் அறைக் காற்றாடியின் இரைச்சல் உங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அந்த நேரம் பார்த்துத்தான் விளக்கு அணைந்தது. சுவிட்ச் வெளியே. வீட்டுக்குக் கிளம்பும் யாரோ, உள்ளே ஆள் இல்லை என்று நினைத்து அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஓர்ப்படி பின்னாளில் என்னிடம் சொன்னாள்: "கண்ணைத் திறந்தாலும் இருட்டு, மூடினாலும் இருட்டு அக்கா. திங்கக்கிழமை வந்து திறப்பாங்க, நாங்களும் மீனோட மீனா விறைச்சுக் கிடப்போம்னு நினைச்சேன். வாய் விட்டுக் கத்தினேன். என் சத்தம் எனக்கே கேக்கல."

சைபருக்கும் பயம்தான். அவளே சொன்னாள். ஆனாலும் மாமியாரின் கையைத் தேடிப் பிடித்து, காதருகில் வாயை வைத்துப் பேசினாள்.

"அத்தை, கேளுங்க. தொட்டி நானூறு கிலோ. பனித் தரையில அஞ்சுல ஒரு பங்குதான் பிடிக்கும். எம்பது கிலோ தள்ளினா நகரும்."

"சாகப்போற நேரத்துல கணக்கா?"

"நாம வெளிய போக ரெண்டு சாண் சந்து போதும். எம்பது கிலோ தள்ளு, ரெண்டு சாண் தூரம். எம்பது கிலோ மூட்டையை ரெண்டு பேரா முழங்கால் உயரத்துக்குத் தூக்குறதும் இதுவும் ஒரே வேலை. நம்மால முடியாதா?"

முழங்கால் உயரம் என்றதும் ஓர்ப்படிக்குக் கொஞ்சம் உயிர் வந்ததாம். மூட்டை தூக்காத உடம்பா அது! சைபர் தடவித் தடவிக் கெட்டிலைக் கண்டுபிடித்தாள். இருந்த வெந்நீரை எல்லாம் வழக்கப்படி தொட்டியின் காலடியில் ஊற்றினாள். "தள்ளுங்க அத்தை!"

இருவரும் குனிந்து, கையை ஊன்றித் தள்ளினார்கள். தொட்டி அசையவில்லை. இவர்களின் கால்தான் பின்னால் போனது. மறுபடி தள்ளினார்கள், மறுபடி கால் போனது. ஊற்றிய வெந்நீர் தொட்டிக்கு அடியில் நிற்காமல் இவர்கள் காலடிக்கும் ஓடிவந்து கண்ணாடியாக இறுகியிருந்தது. தொட்டியைத் தரை எவ்வளவு பிடிக்கும் என்று கணக்குப் பார்த்தவள், தன் காலைத் தரை எவ்வளவு பிடிக்கும் என்று பார்க்க மறந்துவிட்டாள். ஆள் நின்று தள்ளுவதற்கும் தரையின் பிடி வேண்டுமே!

"என்னடி ஆச்சு உன் கணக்கு?"

"கால் நிக்கமாட்டேங்குது அத்தை."

"அப்போ இவ்வளவு நேரம் தள்ளினது?"

சைபர் தொட்டியிலிருந்து கையை எடுத்தாள். "சைபர்."

ஓர்ப்படி அழுதுகொண்டே சிரித்தாளாம். சிரிப்பு நின்றதும் அவளுக்கு ஒன்று உறைத்தது. மருமகளின் உடம்பு வெடவெடவென்று ஆடிக்கொண்டிருக்க, தன் நடுக்கம் மட்டும் அடங்கிவருகிறது. கிடங்கில் பழையவர்கள் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள், நடுக்கம் நின்றால் உள்ளே ஏதோ அணைகிறது என்று. தூக்கமும் வந்தது. கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன் என்றாள்.

"உக்காராதீங்க! அத்தை, உக்காந்தா எழுந்திரிக்க மாட்டீங்க!" சைபர் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். உலுக்கிய உலுக்கலில் ஓர்ப்படியின் கால் வழுக்கியது. தொப்பென்று விழுந்தாள். முதுகு பின்னாலிருந்த மூலைச் சுவரில் மோதியது, இரண்டு பாதமும் எகிறிப்போய்த் தொட்டியில் முட்டி நின்றன. வலி தாங்காமல் காலை விறைத்தாள்.

காற்றாடி இரைச்சலையும் மீறி க்ரீச் என்று ஒரு சத்தம். தொட்டி.

சைபர் மாமியாரின் காதருகில் குனிந்தாள். "அத்தை, மறுபடி உதைங்க!"

"என்னை அடிச்சுப் போட்டுட்டு உதைக்கச் சொல்றியா?"

"சுவத்துல முதுகை வச்சு உதைங்க! சுவரு எங்கயும் வழுக்காது!"

அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தொட்டியில் வைத்தாள். இருவரும் ஒருவர் கையை ஒருவர் இறுக்கிக்கொண்டு உதைத்தார்கள். முதலில் அது கிளம்பமாட்டேன் என்று நின்றது. பிறகு ஒரு விரல் அளவு போனது. கிளம்பியதும் பாரம் குறைந்தது, சைபர் எப்போதும் சொல்வது போல. "விடாதீங்க, நிறுத்தினா மறுபடி முதல்லேர்ந்து" என்று அவள் கத்திக்கொண்டே இருந்தாள். கால் நீளுகிற வரை உதைத்தார்கள். பிறகு சைபர் எழுந்து கதவைப் பற்றி இழுத்தாள். மூலை ஓரமாக, ஓர்ப்படியின் தோளுக்குப் பக்கத்தில், கோடு போட்டது போல வெளிச்சம் விழுந்தது.

மாமியாரைத்தான் முதலில் அந்தச் சந்தில் திணித்து வெளியே தள்ளினாள். கேட்டைப் பூட்டச் சாவியோடு நின்ற காவல்காரர் இவர்களைப் பார்த்துவிட்டு, "இன்னுமா வேலை முடியல?" என்று கேட்டாராம். அந்த மனிதரை அன்று ஓர்ப்படி திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் படுத்திருந்தாள். நான் பார்க்கப் போனபோது சைபர் கட்டிலோரத்தில் உட்கார்ந்து அவள் பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இவகிட்ட ஒண்ணு கேட்டேன்" என்றாள் ஓர்ப்படி. "அந்தச் சுவரு என்னடி வேலை செஞ்சுதுன்னு. நகரலையே, அதனால சைபர்தானாம். சரி, அந்தச் சுவரு மட்டும் இல்லேன்னா நம்ம கதி என்னடின்னா, காலை இன்னும் அழுத்தித் தேய்க்கிறா." சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப்பிறகு அந்தப் பெயரைச் சொல்லி அவள் திட்டி நான் கேட்டதில்லை. கூப்பிடுவது மட்டும் இன்றைக்கும் அதே பெயர்தான்.

ஓர்ப்படிக்கு இடது காலில் இரண்டு விரல்களுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. கிடங்குக்கு இருவருமே மறுபடி போகவில்லை. சைபர் இப்போது பழைய இரும்புக் கடையில் எடை போடுகிறாள். மாமியாரோடு அதே வீட்டில்தான் இருக்கிறாள். அந்த வீட்டில் யாரும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பதில்லை.