அப்பா கொண்டுவந்த ஆட்டப் படம்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து இருக்கும் செயின்ட்-மிஷேல் வீட்டில் என் மகள் பழைய ஹாலிவுட் பாட்டுப் படமொன்று பார்த்துக்கொண்டிருந்தாள். சப்பாத்துக்கால் தாளம் தட்டும் சத்தம் கேட்டதும் எனக்கு ஊர் நினைவு வந்துவிட்டது.

தன் இளவயதில் கொழும்புத் தியேட்டரில் பார்த்து மயங்கிய அப்படியொரு படத்தை, வாடகை வீடியோ டெக்கோடு அப்பா ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். முற்றம் நிறையச் சனம். பாதியில் எழும்பிப் போய்விடுவார்களோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, பாட்டை ஓட்டிப்போட்டுச் சண்டையைக் காட்டுங்கோ."

"இதில சண்டை இல்லையடாப்பா," என்றார் அப்பா.

ஆனாலும் கேட்டபடி பாட்டை வேகமாக ஓட்டினார். ஆடியவர்களின் கால்கள் கோழி கிளறுவதுபோலப் பறந்தன. சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

"இன்னொருக்கா ஓட்டுங்கோ அண்ணை."

பயந்துகொண்டே அப்பாவின் முகத்தைப் பார்த்தேன்.

"சிரிப்புப் படம்தானே, சிரிக்கட்டும்," என்றார்.

எல்லோரும் போன பிறகு, அந்தப் பாட்டை முதலிலிருந்து ஆறுதலாக, வேகம் கூட்டாமல் போட்டுத் தனியே பார்த்தார்.

இப்போது நான் போய் மகளுக்குப் பக்கத்தில் இருந்து படத்தைப் பார்க்கத் தொடங்கினேன்.