பிணையாளி முனவ்வறா

எழுபத்தெட்டாம் ஆண்டு நவம்பர்ப் புயல் உள்ளூராட்சிச் சபை நூலகத்தின் கூரையை முழுதாகக் கழற்றிக்கொண்டு போனது. இருந்த ஆயிரத்து முந்நூற்று நாற்பது புத்தகங்களில் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டுதான் தேறின. அவற்றைச் சபையின் களஞ்சிய அறையில், மண்வெட்டிகளுக்கும் தார்ப் பீப்பாக்களுக்கும் நடுவே சாக்கு விரித்து அடுக்கினார்கள். கல்முனைக்குத் தெற்கே, கடலோரத்திலிருந்த அந்த ஊரில் கல்வீடுகளுக்குக் குறைவில்லை. யாராவது ஓர் அறை தாருங்கள் என்று ஜும்மாவுக்குப் பிறகு பள்ளிவாசலில் இரண்டு வெள்ளி அறிவித்தார்கள். ஒருவரும் தரவில்லை. நெல் மூடை அடுக்க ஊரில் இடம் இருந்தது, புத்தகம் அடுக்க இல்லை.

மூன்றாம் வெள்ளி பகல் சாப்பாட்டின்போது முனவ்வறா தன் மூத்த சகோதரனைப் பார்த்துச் சொன்னாள்:

"காக்கா, என்ட வூடு சும்மாதானே கிடக்கு."

முகைதீன்பாவா சோறு பிசைந்த கையை நிறுத்தினார். அவர் மேசன் வேலை செய்பவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். வாப்பா மௌத்தாகி அடக்கப்பட்ட பிறகு ஒன்பது ஆண்டுகளாக அந்த வீட்டைக் கல் கல்லாகக் கட்டி முடித்தவர். ஊர் வழக்கம் அப்படி. வீடு இல்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை வராது. வீட்டு உறுதிப் பத்திரம் பெண்ணின் பேரில் முடிய வேண்டும். கலியாணம் முடித்த ஆண் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்குக் குடிபோவான். முனவ்வறாவின் வீடு ஓடு போட்டு, சுண்ணாம்பு அடித்து, மாப்பிள்ளை அமையாமல் பூட்டிக் கிடந்தது. புயலில் அதன் ஓர் ஓடுகூட அசையவில்லை.

"சீதன வூட்டுல ஊர் ஆம்புளைகள் வந்து குந்துறதா? நல்லாரிக்கி கதை."

"உறுதி யார்ட பேரில காக்கா?"

"உண்ட பேரில."

"அப்ப நான் உங்களிட்ட கேக்கல்ல. சொல்றன்."

முகைதீன்பாவாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. அவளுக்கு அப்போது வயது இருபத்திரண்டு. அந்தத் தெருவில் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் எட்டுப் பாடமும் சித்தியடைந்த முதல் பெண் அவள்தான்.

சபை அவளைச் சம்பளமில்லாத பொறுப்பாளர் ஆக்கியது. முன் மண்டபத்தில் அலுமாரி ஐந்து, நீள மேசை ஒன்று, வாங்கு நான்கு. காலை ஒன்பது மணி முதல் பன்னிரண்டு வரை பெண்களுக்கு. பின்னேரம் நாலு மணி முதல் பொழுது சாயும் மஃரிப் பாங்கு வரை ஆண்களுக்கு. பின்னேரங்களில் முகைதீன்பாவா சீமெந்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்து மேசையில் இருப்பார். முனவ்வறா உள்ளறைத் திரைக்குப் பின்னால் இருந்து இரவல் பதிவாள்.

பழைய நூலகம் சந்தைப் பக்கம் இருந்தது. இருபது ஆண்டுகளாக ஒரு பெண்கூட அதன் படியை மிதித்ததில்லை. போகக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை, போகவில்லை, அவ்வளவுதான். ஆனால் முனவ்வறா வீட்டுக்குப் போவதை யார் தடுப்பது? அடுப்புக்கு நெருப்பு எடுக்கவும் சுகம் விசாரிக்கவும் ஒரு பெண் வீட்டுக்கு இன்னொரு பெண் போவது வழக்கம்தானே. முதல் மாதம் பதினாறு பேர் வந்தார்கள். சவூதியிலிருந்து வந்த கடிதத்தை வாசித்துக் கேட்க வந்தவர்கள், அலுமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு தொட்டுப் பார்த்தார்கள். பிறகு கேட்டார்கள்.

அங்கத்தவராகச் சேர ஒரு பிணையாளி கையெழுத்திட வேண்டும் என்பது சபையின் பழைய விதி. பிணையாளியின் பெயர் சோலைவரி இடாப்பில், அதாவது வீட்டுக்கு வரி கட்டுவோர் பட்டியலில், இருக்க வேண்டும். பழைய நூலகத்தில் அதை யாரும் பார்த்ததில்லை. முனவ்வறா பார்த்தாள். எதையும் அரைகுறையாகச் செய்ய அவளுக்கு வராது. முதல் வாரமே ஓர் ஆசிரியர் விண்ணப்பத்தோடு வந்தார்.

"பிணையாளிட கையெழுத்தக் காணல்லியே மாஸ்டர்?" என்று திரைக்குப் பின்னால் இருந்து கேட்டாள்.

"நான்தானே புள்ள வூட்டுக்காரன்."

"இடாப்புல உங்கட பேர் இல்ல. உங்கட வூட்டு ராத்தாட பேர்தான் இரிக்கி. அவவிட்ட ஒப்பம் வாங்கிட்டு வாங்க."

வாங்கில் இருந்தவர்கள் பத்திரிகையை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்கள். பத்திரிகைகள் குலுங்கின. ஊரில் யார் வீடு யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், எழுத்தில் கண்டபோதுதான் அது சுட்டது. அன்றிலிருந்து எத்தனையோ ஆண்கள் விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மனைவி நல்ல முகத்தோடு இருக்கும் நேரம் பார்த்து வீட்டுக்குப் போனார்கள். ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குப் பிணை நின்றாள். வீடில்லாத பெண்களுக்கு முனவ்வறாவே நின்றாள். எண்பத்துமூன்றாம் ஆண்டு முடிவில் பெண் அங்கத்தவர்கள் நூற்று முப்பத்தொரு பேர். ஐந்து ஆண்டுகளில் தொலைந்த புத்தகங்கள் மூன்று. அதிலும் ஒன்றை ஆடு தின்றது. தின்ற மிச்ச அட்டையைச் சாட்சிக்குக் கொண்டுவந்து காட்டினார்கள்.

வேலிக்கு அப்பால் அடுத்த வளவில் இருந்த ஜெமீலா மூன்றாம் வகுப்போடு நின்றவள். விரலை வைத்து, எழுத்தெழுத்தாக, உதடு அசையப் படிப்பாள். வேறெதுவும் கையில் அகப்படாத ஒரு காலையில் அரசாங்க அறிவித்தல் ஏடான வர்த்தமானியைப் புரட்டியவள், வாய்க்கால் அகலிக்க எடுக்கப்போகும் வயல்களின் பட்டியலில் தன் உம்மாவின் காணி இலக்கத்தைக் கண்டாள். ஆட்சேபம் தெரிவிக்க ஒன்பது நாட்கள் மிச்சம் இருந்தன. முனவ்வறா எழுதிக் கொடுத்த கடிதத்தோடு கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரச அலுவலகத்துக்குப் போய் அந்த அரை ஏக்கரைக் காப்பாற்றினார்கள். அதே பட்டியலில் காணி இருந்த நாலு ஆண்கள், தினமும் பின்னேரம் அதே மேசையில் தேர்தல் கதை கதைத்தவர்கள், காணியளக்க ஆட்கள் வந்த பிறகுதான் சங்கதி அறிந்தார்கள்.

எண்பத்துநாலில் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை மசூர், நீர்ப்பாசனக் கந்தோரில் எழுதுவினைஞர். குடி, சூது ஒன்றும் இல்லாத ஆள். முனவ்வறாவுக்கு இருபத்தெட்டு வயது. அவளுக்குக் கீழே நபீஸா, அவளுக்கு இருபத்துநாலு. மூத்தவள் கலியாணம் முடிக்காமல் இளையவளை யாரும் கேட்கப் போவதில்லை. மாப்பிள்ளையின் தாய் ஆயிஷா உம்மா வீடு பார்க்க வந்தார். அறைகளைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், முன் மண்டபத்தில் நின்று மூக்கில் விரலை வைத்தார்.

"இது வூடா, கந்தோரா? புதுப் பொண்ணு மாப்பிள்ள இரிக்கிற இடத்துல கண்டவனும் பேப்பர் பார்க்க வாறதா மகள்?"

"காலையில பொம்புளைகள்தான் மாமி வாறாங்க."

"அது அதவிட மோசம். ஆம்புளைகள் பார்த்திட்டுப் போவானுகள். பொம்புளைகள் பார்த்திட்டுப் போய்க் கதைப்பாளுகள்."

கலியாணப் பதிவான காவின் எழுதுவதற்குள் முன் மண்டபம் காலியாக வேண்டும் என்றார்கள். சந்தைப் பக்கம் சபையின் புதுக்கட்டடம் ஏறக்குறைய முடிந்திருந்தது. புத்தகங்கள் அங்கே போகட்டும், ஆனால் காலை மூன்று மணித்தியாலம் பெண்களுக்கு என்று எழுத்தில் வேண்டும், இல்லாவிட்டால் கலியாணமும் இல்லை என்றாள் முனவ்வறா. முகைதீன்பாவா சபைக்கு நாலு தடவை நடந்தார். ஐந்தாம் தடவை செயலாளரின் கடிதத்தோடு வந்தார். வழியிலேயே மூன்று முறை படித்திருந்தார். தங்கள் கோரிக்கை கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது, பெண் வாசகர்களுக்கான நேர ஒழுங்கு தொடர்பில் ஆவன செய்யப்படும் என்று தட்டச்சில் இருந்தது.

முனவ்வறா ஒரே முறைதான் படித்தாள்.

"இதுல எப்ப எண்டு இல்லியே காக்கா. எத்தின மணி எண்டும் இல்ல."

"அரசாங்கக் கடிதம் புள்ள. மொகர் குத்தி இரிக்கி. இதுக்கு மேல என்ன வேணும்?"

"கொஞ்ச நாள் பொறுப்பம்."

"பொறுக்கிறதா? வயசு பொறுக்குமா? நபீஸா பொறுப்பாளா?"

வீடு கட்டும்போது ஒரு வரிக் கல்லை நூல் பிடிக்காமல் வைக்காத மனிதர், அந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் நூல் பிடித்துப் பார்க்கவில்லை. அரச முத்திரையின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. மறுநாள் அவள் அலுமாரிச் சாவிகளைக் கொடுத்தாள். இரண்டு உழவு இயந்திரப் பெட்டிகளில் புத்தகங்கள் போயின. ஒவ்வொரு கட்டுக்கும் பட்டியல் எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கையொப்பம் வாங்கினாள்.

கலியாணம் முடிந்து இரண்டு மாதங்களில் புது நூலகம் திறக்கப்பட்டது. பேச்சு, பூமாலை, குளிர்பானம் எல்லாம் இருந்தன. நேர அட்டவணையில் பெண்கள் என்ற சொல் இல்லை. அடுத்த திங்கள் காலை பத்து மணிக்கு முனவ்வறா, ஜெமீலா, இன்னும் ஐந்து பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சந்தையைக் கடந்து போனார்கள். மீன் விற்றவர்கள் விலை கூறுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். உள்ளே மேசையைச் சுற்றி இருபது ஆண்கள். அலுமாரிகள் பூட்டியிருந்தன. புதுப் பொறுப்பாளர் கச்சிமுகம்மது கெட்டவனல்ல. எழுந்து வாசலுக்கே ஓடி வந்தான்.

"என்ன ராத்தா இது, ஆக்கள் பார்க்கிறாங்க. புத்தகத்துட பேர எழுதித் தாங்க, மச்சானிட்ட குடுத்து விடுறன்."

"பேர் தெரிஞ்சா நான் ஏன் தம்பி லைப்ரரிக்கு வாறன்? பார்த்து எடுக்கத்தானே."

"பார்க்கிறதுக்கு இஞ்ச வசதி இல்ல ராத்தா."

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது: "சமைக்கிற புத்தகம் முடிஞ்சி போச்சாம் எண்டு சொல்லு கச்சி!" மேசை முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேருக்குப் பிணை நின்ற பெண்களை முனவ்வறாவுக்குப் பெயர் பெயராகத் தெரியும். அவள் திரும்பி நடந்தாள். ஜெமீலா மட்டும் சந்தை முடியும்வரை ஏதோ ஏசிக்கொண்டே வந்தாள்.

எண்பத்தைந்து ஜனவரியில் எல்லா அங்கத்துவமும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்று அறிவித்தல் வந்தது. புது அட்டை, புது விண்ணப்பம், பழைய விதி. மசூர் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் விண்ணப்பத்தை வைத்து, பேனையையும் திறந்து வைத்தான்.

"இதுல ஒரு ஒப்பம் போடு."

"காலையில மூணு மணித்தியாலம் பொம்புளைகளுக்கு எண்டு போர்ட் போடச் சொல்லுங்க. அண்டைக்குப் போடுறன்."

"நான் சபையா?"

"நீங்க சபையில்ல. நான் வூட்டுக்காரி. எனக்கிட்ட இரிக்கிறது இது ஒண்டுதான்."

மசூர் பேனையை மூடினான். அவன் உரத்துப் பேசுகிறவன் அல்ல. விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். செய்தி வேலி தாண்டியது. ஜெமீலா தன் புருஷனின் விண்ணப்பத்தை அரிசிப் பானைக்குள் வைத்து மூடினாள். அடுத்த தெருவிலும் பெண்கள் கையெழுத்திடவில்லை. சில வீடுகளில் சத்தம், சில வீடுகளில் கெஞ்சல். ஒரு வீட்டில் அடியும் விழுந்தது. அந்தப் பெண் கன்றிய கையைக் காட்டி, "இந்தக் கையால எப்படி ஒப்பம் வைக்கிற?" என்று கேட்டாளாம். ஏழு வாரங்களில் புதுப்பித்தவர்கள் பதினொரு பேர். அவர்கள் எல்லோரும் மனைவி இறந்து வீடு தம் பேருக்கு வந்தவர்கள், அல்லது கலியாணம் முடிக்காமல் தாயிடம் ஒப்பம் வாங்கியவர்கள். முகைதீன்பாவா ஒவ்வொரு வியாழனும் போய்த் தொகையைக் கேட்டு வந்து தங்கையிடம் சொன்னார். "பலகை எழுதக் குடுத்திரிப்பாங்க புள்ள," என்றார். அந்த ஏழு வாரமும் அவள் முகத்தில் பழைய களை இருந்தது.

எட்டாம் வாரம் அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். அரச ஊழியர் எவரும் பிணையாளியாகலாம், சோலைவரி இடாப்பில் பெயர் இருக்கத் தேவையில்லை. முனவ்வறா முதன்முதலில் திருப்பி அனுப்பிய அதே ஆசிரியர் சந்தைத் தேநீர்க்கடையில் இருந்து ஒரே பின்னேரத்தில் அறுபத்துமூன்று விண்ணப்பங்களில் கையெழுத்திட்டார். ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒருவர் தேநீர் சொல்ல, பதினைந்தாவதோடு போதும் என்று கையை எடுத்துக் கும்பிட்டாராம். செய்தியைக் கொண்டு வந்தவர் முகைதீன்பாவாதான். செயலாளரின் கடிதத்தையும் எடுத்துவந்து, என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அதக் கிழிக்காதீங்க காக்கா," என்றாள் முனவ்வறா. "பத்திரமா வைங்க. ஆவன செஞ்சிட்டாங்க எண்டு காட்டத் தேவைப்படும்."

ஒரு வெள்ளிக்கிழமை மசூர் புது அட்டையோடு வந்தான். கையில் இரண்டு புத்தகங்கள். சமாதானமாகச் சொன்னான்: "உனக்கும் ஒண்டு எடுத்தாந்திரிக்கன்."

அவள் வாங்கிப் பார்த்தாள். புத்தகத்தின் முதுகில் அவள் கையாலேயே எழுதிய இலக்கம்.

"இது படிச்சதுதான்."

"எப்ப?"

"எண்பதில."

அடுத்த வாரம் வேறொன்று கொண்டுவந்தான். அதையும் படித்திருந்தாள். மூன்றாம் வாரம் கொஞ்சம் எரிச்சலோடு, "படிக்காதது எதெது எண்டு எழுதித் தாவன், பார்த்து எடுத்தாறன்," என்றான்.

அவளிடம் அந்தக் கணக்கு இருந்தது. தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில் அவள் படிக்காதவை இருநூற்று எட்டு. எந்த அலுமாரியில் எந்தத் தட்டில் இருந்தவை என்பது வரைக்கும் சொல்வாள்.

"ஒண்டும் மிச்சமில்ல," என்று சொல்லிவிட்டு, சோற்றை இறக்க அடுப்படிக்குப் போனாள். பிறகு மசூர் அவளுக்குப் புத்தகம் எதுவும் கொண்டுவரவில்லை.