ஜீப் சத்தமும் அம்மாவின் கையும்

பண்டாரவளையில் ஒரு மரக்கறி வியாபாரியின் கொட்டிலில் அந்த ஜீப் கிடந்தது. உள்ளே கோழிகள் குடியிருந்தன. நாலு சக்கரமும் இழுக்கிற பழைய சாமான், என்னைவிட மூத்தது. பார்த்த உடனே வேண்டும் என்று தோன்றியது. எனக்கு எதுவாக இருந்தாலும் பார்த்த உடனே வேண்டும். கேம்பஸ் முடித்துவிட்டு, கொழும்பில் வேலைக்குக் கூப்பிடும்வரை வீட்டில் குந்தியிருந்த காலம் அது. சும்மா இருந்தால் எனக்குக் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

லொறியில் ஏற்றி, தெமோதரையில் எங்கள் வீட்டு வாசலில் இறக்கினோம். அம்மா சீட்டில் காய்ந்திருந்த கோழிப்பீயைப் பார்த்தாள்.

"இதுல எதைடா ஏத்திக்கிட்டுப் போகப் போற, கோழியவா?"

"ஒன்னத்தான். முன் சீட்டுல ஒக்கார வச்சு, பதுளை டவுனுக்கு."

வாய்த்துடுக்கில் வந்த வார்த்தைதான். ஆனால் சொன்ன பிறகு அது மண்டையை விட்டுப் போகவில்லை. அம்மா இந்தத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தவள். தோட்டத்து வாகனத்தில் அவள் ஏறியது என்றால் லொறியின் பின்பக்கமும் டிராக்டர் பெட்டியும்தான். கொழும்புக்குப் போவதற்குள் அவளை முன்னால் உட்கார வைத்தே தீருவது என்று முடிவு கட்டினேன்.

பதுளையில் ஒரு கராஜில் வேலை செய்கிற மச்சான் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உதவினான். சொந்த மச்சான் இல்லை, கூடப் படித்தவன். மற்ற நாட்களில் நானும் யூடியூப்பும் மழையும். துருப்பிடித்த நட்டில் டீசல் ஊற்றி ஊறவிட வேண்டும். ஊறும்வரை யார் காத்திருப்பது? திருகினேன், தலை முறிந்து கையோடு வந்தது. "ஒன் கையில ஸ்பானர குடுக்கிறதும் கோடாலிய குடுக்கிறதும் ஒன்னுதான்டா" என்றான் மச்சான். முறிந்ததையெல்லாம் அவன்தான் உட்கார்ந்து துளைபோட்டு எடுத்தான். தரைத்தகடு இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. பழைய பீப்பாயை வெட்டி விரித்து அடித்தோம். முன் சக்கரங்களை இழுக்க வைக்கிற மஞ்சள் குமிழ் லீவர் செத்துக் கிடந்தது. அது ஒருநாள் டக்கென்று கியரில் விழுந்தபோது, மழையில் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் நான் ஆடிய ஆட்டத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இன்னும் நடித்துக் காட்டுகிறார்கள்.

எஞ்சின் முதல்முதலாக ஓடியபோது அதில் மாட்டியிருந்தது ஏதோ லொறியின் சைலன்சர். காது கிழிந்தது. அம்மா வாசற்படியில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டே, அரிசி மில்லு கொண்டாந்திருக்கான் என்று ஊருக்கே அறிவித்தாள். அவள் நல்ல குஷியில் இருந்தாள். அன்றைக்கே கூட்டிப் போயிருக்கலாம். ஆனால் எனக்கு எல்லாம் அசலாக இருக்க வேண்டுமே. அந்த ஜீப்போடு பிறந்த சைலன்சரைத் தேடி அலைந்தேன். கடைசியில் பதுளையில் ஒரு பழைய இரும்புக்காரரிடம், ஏதோ தோட்டத்திலிருந்து வந்த சாமான்களுக்குள் அது கிடைத்தது. லொறியினுடையதை அவரிடமே தள்ளிவிட்டேன்.

மாட்டியதும் சத்தம் மாறியது. அடித்தொண்டையில் கனைத்து, பெடலை விட்டதும் ரெண்டு விக்கல் விக்கி இறங்குகிற சத்தம். நான் போனில் பதிவு செய்து ஊர் முழுக்க அனுப்பினேன்.

அன்றிலிருந்து அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் ஸ்டார்ட் பண்ணினால் எழும்பிவிடுவாள். கூட்டிய வாசலைத் திரும்பக் கூட்டுவாள். ஒருநாள் நான் எஞ்சினை ஓடவிட்டு நிமிர்ந்து பார்க்கையில், பொன்னாங்கண்ணிப் பாத்தியையே கிள்ளி மொட்டையாக்கியிருந்தாள். என்ன கோபம் என்று கேட்டேன். கோபமெல்லாம் இல்லை என்றாள், குனிந்தபடியே. பெட்ரோல் செலவைப் பார்த்துத்தான் வயிறு எரிகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது, திங்கட்கிழமை வரச்சொல்லி. சனிக்கிழமை காலை அம்மா திருவிழாச் சேலையைக் கட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறினாள். எங்கள் வீட்டிலிருந்து மெயின் ரோடுவரை தேயிலைக்குள் இறக்கம். ரெண்டு வளைவு தாண்டியதும் மேலே மலையில் கொழுந்து பறிக்கிறவர்கள் தெரிந்தார்கள்.

ஒரு சின்னப் பெண் போனைத் தூக்கி எங்களைப் படம் பிடித்தாள். வயதான பெண்கள் ஒருவரும் திரும்பவில்லை. பேச்சு நின்றது, தலைகள் குனிந்தன, கைகள் வேகமெடுத்தன. ரோட்டில் நடந்து வந்த ரெண்டு பேர் குடையை மடக்கிக்கொண்டு ஓரத்து வடிகானுக்குள் இறங்கி நின்றார்கள். அப்புறம்தான் அதில் ஒருத்தி அம்மாவைக் கண்டாள்.

"அடியே, தொரைசாணி போறாடி! தோட்டத்துப் பழைய தொரைதான் வாறாருன்னு நெஞ்சு அடச்சிருச்சு."

மலையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினேன். அவள் சிரிக்கவில்லை. மடியில் சேலை மடிப்பை ரெண்டு கையும் கிள்ளிக்கொண்டிருந்தன. கிள்ளுவதும், இல்லாத கூடைக்குத் தோளுக்குப் பின்னால் வீசப் போவதும், பாதியில் இறங்கி மறுபடியும் கிள்ளுவதுமாக.

"நிப்பாட்டுடா."

"பயமா இருக்கா?"

"என்ன பயம்? அந்த மனுசன் செத்தே எத்தனையோ வருசம். அவரு ஜீப்பு சத்தம் இதேதான்டா, கேட்டா கை தானா ஓடுது. நானா ஓட்டுறேன்?" கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்துவிட்டாள். "நீ முன்னால போ. நான் நடந்து போயி பஸ்ஸ புடிக்கிறேன்."

சைலன்சரை அங்கேயே பிடுங்கி எறியலாம் போலிருந்தது. கையில் ஸ்பானர் இல்லை. சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தேன். கானில் தண்ணீர் ஓடுவது கேட்டது.

"இப்ப ஏறும்மா."

"எஞ்சின் இல்லாம எப்பிடிடா போகும்?"

"எறக்கம்தானே."

யோசித்தாள். ஏறினாள். ஹேண்ட்பிரேக்கை விட்டேன். அந்தக் காலத்து ஜீப்; எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் ஒரே கனம்தான். மெதுவாக உருண்டது. நான் வாழ்க்கையில் இவ்வளவு மெதுவாக எதையும் ஓட்டியதில்லை. ஸ்டார்ட் பண்ணு என்று கால் கெஞ்சியது. அம்மாவின் கை இன்னும் ரெண்டு தரம் கிள்ளியது, பிறகு மடியில் கிடந்தது. அடுத்த வளைவுக்குக் கிட்டே வந்ததும் ஒரு முழங்கையை வெளியே போட்டுக்கொண்டு மலையை அண்ணாந்து பார்த்தாள்.

"என்னங்கடி வேடிக்கை? கொழுந்து முத்தப் போகுது, பறிங்கடி!"

மேலேயிருந்து வந்த பதிலை இங்கே எழுத முடியாது.

மெயின் ரோட்டு முச்சந்தியில் இறக்கம் முடிந்து ஜீப் தானாக நின்றது. ஓரமாகத் தள்ளிவிட்டு பதுளை பஸ்ஸில் ஏறினோம். அம்மாவுக்கு சீட் கிடைத்தது. நான் தொங்கிக்கொண்டே மச்சானுக்கு மெசேஜ் போட்டேன், ஏதாவது ஒரு லொறி சைலன்சர் வேண்டும் என்று. அசலைக் கழற்றவா, உனக்கு என்ன பைத்தியமா என்று பதில் வந்தது.

அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"திரும்பி வந்து அத எப்பிடிடா மேல ஏத்துவ?"

"எஞ்சின் போட்டுத்தான்."

"அப்ப நீ முதல்ல போயிரு. அது மேல போயி அடங்கினப்புறம் நான் நடந்து வாறேன்."