பட்டாள வார்டு கர்னல்

திண்டுக்கல்லில், காயம்பட்ட சிப்பாய்களுக்காகக் கட்டிய ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. எந்தச் சண்டைக்காக என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. மலைக்கோட்டைச் சண்டை என்பார் ஒருவர், உலகப் போர் என்று அடித்துச் சொல்வார் இன்னொருவர். சிப்பாய்கள் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகியும் எலும்பு முறிவுப் பகுதிக்கு இன்றைக்கும் பட்டாள வார்டு என்றுதான் பெயர். போன வருஷம் காலில் மாவுக்கட்டோடு நானும் அங்கே போய்ப் படுத்தேன். சிறுமலை வளைவில் என் பைக்கில் தொங்கிய வாழைப்பழப் பையைக் குரங்கு ஒன்று பிடித்து இழுக்க, வீம்புக்கு நானும் இழுத்ததில் வந்த வினை. பழம் அதற்கு, முறிவு எனக்கு.

வார்டில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவன் சிப்பாய். அதிக நாள் படுத்திருப்பவர் கர்னல். அப்போதைய கர்னல் ஒரு பிரியாணி மாஸ்டர், பாத்ரூமில் வழுக்கி இடுப்பு ஒடிந்தவர்.

"ஏலே சிப்பாய், எந்த எல்லையில அடிபட்ட?" என்றார்.

குரங்கைச் சொன்னேன். "எதிரி பெரிய ஆளுதான்" என்று ஆறுதலாக ஒரு ஆரஞ்சு கொடுத்தார்.

அவர் எலும்பு எப்போதோ கூடிவிட்டது. ஆனால் டாக்டர் நடக்கச் சொன்னால் மட்டும் "முடியலீங்க சார்" என்று முகத்தைச் சுளிப்பார். துணையில்லாமல் நடந்து காட்டினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களே! பதவி ஆசை என்று நாங்கள் கேலி செய்தோம்.

ஆஸ்பத்திரியின் ஆண்டு விழாவுக்கு நிஜமான ராணுவ அதிகாரி ஒருவர் வந்தார். யாரோ வாய்த்துடுக்காக, "சார், இவருதான் எங்க கர்னல்" என்று மாஸ்டரைக் காட்ட, அதிகாரி அதை நம்பி விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். மாஸ்டர் கட்டிலைவிட்டுத் துள்ளி எழுந்து பதில் சல்யூட் அடித்தார். அதோடு விட்டாரா? வாசல்வரை நடந்துபோய் அவரை வழியனுப்பிவிட்டும் வந்தார். ஊன்றுகோல் கட்டிலில் கிடந்தது. டாக்டர் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று சாயங்காலமே டிஸ்சார்ஜ். வார்டே வயிறு வலிக்கச் சிரித்தது. "வசமா மாட்டுனீங்க மாஸ்டர்! இனி வீட்டுல நிம்மதியா படுங்க" என்றேன்.

அவர் லுங்கியை மடித்துப் பையில் வைத்தபடி சொன்னார்: "பொஞ்சாதி போனதுல இருந்து வீட்டுல டிவி மட்டுந்தான் பேசுது அப்பு. இங்கன கண்ணு முழிச்சா, தூங்குனீங்களான்னு கேக்க இம்புட்டுப் பேரு இருக்கீங்க."

சிரித்ததற்கு வெட்கமாக இருந்தது. அவரைக் கூட்டிப்போக யாரும் வரவில்லை. ஆட்டோ வந்ததும் கைக்கட்டு, கால்கட்டு எல்லோருமாக நொண்டிக்கொண்டு வாசல்வரை போனோம். நர்ஸ் கத்தினார். ஒருவரும் திரும்பவில்லை.