கணுக்காலில் இருநூற்று முப்பது

மதகில் தண்ணீர் அளக்கும் வேலையில் இருந்த இருபத்தொன்பது ஆண்டுகளில் சோமசேகரன் ஒருநாள்கூட அளவைத் தவறவிட்டதில்லை. காலை ஆறு மணி, மாலை ஆறு மணி. அலுவலகத்துக்கு ஒரு நோட்டு, தனக்கு ஒரு நகல். 1974 ஆவணியில், நெரவி ஊரில், வாய்க்கால் போய் முடியும் கடைமடையில் நிலம் வைத்திருந்த காத்தமுத்து வந்து, "வயலுக்குத் தண்ணி ஏறலீங்க சார், நாத்து காயுது" என்றபோது நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

"மதகுல ரெண்டடி நாலங்குலம் நிக்குது. நீயே பாரு."

"நோட்டுல நல்லாத்தான் நிக்குது. அதுலயே நட்டுடவா?"

திமிர் பிடித்தவன் என்று அன்று முடிவுகட்டினார்.

ஓய்வு பெற்றபின் அளக்க ஒன்றுமில்லாமல் தவித்தவருக்குச் சர்க்கரை வியாதி கைகொடுத்தது. தினமும் நீல மருந்தில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் காய்ச்சி, மாறும் நிறத்தை எழுதிவைத்தார். சர்க்கரை கூடிச் செங்கல் நிறம் வந்த நாள்களில், மனைவி தையல்நாயகி வைத்த பாயசத்தையும் சாட்சியாகச் சேர்த்து எழுதினார். தின்றது யார் என்று மட்டும் எழுதவில்லை.

1984 ஐப்பசியில் வலதுகால் கட்டைவிரலில் ஒரு புண் வந்தது. வலியில்லை, ஆனால் விரல் கறுத்துக்கொண்டே போனது.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்ங்க. பாக்கவே பயமா இருக்கு" என்றாள் தையல்நாயகி.

அளக்காமல் எப்படிப் போவது? கம்பவுண்டர் மருதையனைப் பிடித்து, கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னார். கையில் நூற்றைம்பது, கணுக்காலில் இருநூற்று முப்பது.

"பாத்தியா தையலு! கடைமடையில எப்படிப் பாயுது!"

மதகைவிடக் கடைமடையில் தண்ணீர் இவ்வளவு உயர்ந்து நிற்குமா என்று, மதகிலேயே தலை நரைத்தவருக்குத் தோன்றவில்லை. பின்னாளில் இந்தக் கதையைச் சொல்லும்போது, இந்த இடம் வந்தால் தலையில் அடித்துக்கொள்வார். பதினொரு நாள் அளந்து அளந்து எழுதினார். பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் வந்தபிறகுதான் ஆஸ்பத்திரி.

எக்ஸ்ரேயில் கால் எலும்புக்குப் பக்கத்தில் ரத்தக்குழாய் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது.

"சுவருல கால்சியம் படிஞ்சு குழாய் இறுகிப்போச்சு" என்றார் டாக்டர் கைலாசநாதன். "பிரஷர் பாக்கக் கட்டுற பட்டையால அதை அமுக்க முடியல, அதான் பாதரசம் அவ்வளவு ஏறியிருக்கு. உள்ள ரத்தம் போறது கொஞ்சந்தான். போதாக்குறைக்கு, புண்ணான எடத்துல ரத்தத்துலேர்ந்து செரட்டோனின்னு ஒண்ணு வெளியாகும். அது பட்டா குழாய்த் தசைக்குள்ள கால்சியம் புகுந்து சுருங்கவைக்கும். சர்க்கரைக்காரங்களுக்குக் கூடுதலா சுருங்குதுன்னு ஆராய்ச்சி பண்றாங்க."

"வெத்தலைச் சுண்ணாம்ப நிறுத்திடட்டுமா டாக்டர்? நாளைக்கு எவ்வளவுன்னு கணக்கு இருக்கு."

"சுண்ணாம்பு இல்லீங்க, சர்க்கரை. பத்து நாள் முன்னாடி வந்திருந்தா வெரலைக் காப்பாத்தப் பாத்திருக்கலாம்."

விரல் போயிற்று, பாதம் தப்பியது.

வீட்டுக்குத் திரும்பிய மறுநாள் காத்தமுத்து பார்க்க வந்தார். காலில் இருந்த கட்டைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"நோட்டுல வெரலு இருக்கா சார்?"

தையல்நாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சோமசேகரனுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இருக்குய்யா. பதினோரு நாளும் ஜோரா இருக்கு."

பிறகு 1974ஆம் ஆண்டு நகலை எடுத்துவரச் சொன்னார். ஆவணிப் பக்கத்தில், இரண்டடி நான்கு அங்குலத்துக்கு எதிரே, அத்தனை ஆண்டுகளும் காலியாகவே கிடந்த 'குறிப்பு' கட்டத்தில் எழுதினார்: 'கடைமடைக்கு எட்டவில்லை. காத்தமுத்து நிலம், மூன்று மா.'

"மூணேகாலு சார்."

நோட்டில் அடித்தல் என்பதையே அறியாதவர், 'மூன்று' என்பதை அடித்துத் திருத்தினார்.