வால்டர் வீட்டு ஜன்னல்

ராயபுரத்தில் மஜீது பாயின் ஒற்றை அறை வீட்டில் வாடகைக்கு இருந்தார் வால்டர். துறைமுகத்தில் தச்சு வேலை. கதவைத் தவிர வேறு திறப்பில்லாத அந்த அறையில் அவர் மனைவி ஃப்ளோரன்ஸ் மூச்சிழுப்போடு தலையணையில் சாய்ந்து, உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள். கடல் பக்கச் சுவரில் ஒரு ஜன்னல் வைக்க வால்டர் பலமுறை கேட்டிருந்தார். பழைய சுவர், தாங்காது என்று பாய் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தார்.

எழுபத்திரண்டாம் வருடம், நார்வேக் கப்பல் ஒன்றில், உப்பில் ஊறி இறுகிப்போன ஜன்னல் சட்டத்தை வால்டர் இழைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற கிழ மாலுமி பொழுதுபோகாமல் பேச்சுக் கொடுத்தார். 'விண்டோ' எங்கள் பக்கத்துச் சொல், தெரியுமா என்றார். 'விண்ட்' என்றால் காற்று, 'அவ்கா' என்றால் கண். புகை போகக் கூரையில் விட்ட ஓட்டைக்கு அந்தக் காலத்தில் அதுதான் பெயராம். அங்கிருந்து கப்பலேறி இங்கிலாந்தில் குடியேறியவர்களோடு சொல்லும் போய், தேய்ந்து தேய்ந்து 'விண்டோ' ஆகிவிட்டதாம்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார்.

“விண்டோன்னா காத்தோட கண்ணாம், ஃப்ளோரா.”

அவள் மூச்சைச் சேர்த்துக்கொண்டு, “அப்போ நம்ப வூட்டுக்குக் கண்ணே இல்லீங்க,” என்றாள். குறை சொல்லும் குரலில்லை. வால்டருக்குத்தான் சோறு இறங்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பாயிடம் போனார். சுவரைப் பற்றிக் கேட்கப் போனவர், அந்தச் சொல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

“காத்துக்குக் கண்ணா? இன்னா வால்டரு, கதை வுட்றியா?”

“கதை இல்ல பாய். அத்தக் கேட்டு எங்கூட்டுக்காரி சொன்னதுதான் தாங்கல.” அவள் சொன்னதையும் சொன்னார்.

பாய் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். எழப் பார்த்த ஃப்ளோரன்ஸை, “நீ குந்து தங்கச்சி,” என்று கையமர்த்தினார். அவள் மூச்சு வாங்கும் சத்தத்தைக் கேட்டபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“மேல ஒரு கட்டை குடுத்துட்டு ஒடை. நின்னுக்கும்.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வால்டர் உளியை எடுத்துச் சுவரை உடைத்து, கம்பி வைத்த சட்டத்தைப் பொருத்தினார். செங்கல் தூசி அடங்கும்வரை ஃப்ளோரன்ஸ் பக்கத்து வீட்டில் இருந்தாள். சாயங்காலம் கடல் காற்று உள்ளே வர, நெடுநாளைக்குப் பிறகு கால் நீட்டிப் படுத்தாள். அவள் தூங்கிவிட்டாள் என்று தெரிந்த பிறகும் வால்டர் அசையாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

இழுப்பு அடியோடு விட்டுவிடவில்லை. மழைக்காலத்தில் வந்து படுத்தத்தான் செய்தது. ஆனால் மீன்காரி கன்னியம்மா காசிமேட்டிலிருந்து வரும்போது கூடையை அந்த ஜன்னலடியில் இறக்கத் தொடங்கினாள்.

“சங்கரா கீது ஃப்ளோரம்மா, வோணுமா?”

வேண்டாத நாளிலும் ஃப்ளோரன்ஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெயில் ஏறும்வரை அவளோடு பேசிக்கொண்டிருப்பாள்.