ஆறாம் கட்டிலின் முகவரி

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். எனக்கு நடந்தது இது. அதுவும் பட்டப்பகலில், மதியச் சாப்பாட்டு நேரத்தில். பேய் இருட்டில்தான் வரும் என்று நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்தால் இப்போது எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

ஆஸ்பத்திரி ஒன்றில் சர்வரை, அதாவது எல்லா மிஷின்களையும் இணைக்கும் மையக் கம்ப்யூட்டரை, பார்த்துக்கொள்வது என் வேலை. ஐ.சி.யூ.வில் கட்டிலுக்கு ஒரு மானிட்டர் உண்டு. நோயாளிக்கு மூச்சுத் தடுமாறினால் அது என் சர்வருக்குச் சொல்லும். சர்வர் உடனே நர்ஸின் போனை அலற வைக்கும். அன்று ஆறாம் கட்டிலில் படுத்திருந்தது என் அக்கா.

அன்று பார்த்து வெளியிலிருந்து, இணையம் வழியே, யாரோ சர்வரை மொய்த்துக்கொண்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கில் வேண்டாத அழைப்புகள். சர்வர் திணறியது. அலாரம் தாமதமானால் அக்கா என்ன ஆவாள்? வேண்டாததை உள்ளே விடாமல் காக்கும் ஃபயர்வாலில், அழைப்புகள் வரும் கம்ப்யூட்டர்களின் எண் முகவரிகளை ஒவ்வொன்றாகத் தடுத்தேன். ஒருவழியாக எல்லாம் அடங்கியது.

ஒன்றைத் தவிர.

அது வெளி முகவரி இல்லை. எங்கள் கட்டடத்துக்குள்ளிருந்தே வந்தது. மூன்று நொடிக்கு ஒரு தட்டல்... தடுத்தேன். மறுபடி வந்தது. எழுதிய தடையை நாலு முறை சரிபார்த்தேன். தப்பே இல்லை. இருந்தும் உள்ளே வந்துகொண்டே இருந்தது.

மானிட்டர்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக் அண்ணனுக்குப் போன் செய்து முகவரியைச் சொன்னேன்.

"இது எந்த மிஷின்ணே?"

அவர் பழைய பதிவேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அது இப்போ உபயோகத்துலயே இல்லப்பா. நல்லாப் பாரு."

"பாத்துட்டுத்தானே கேக்கறேன்!"

எரிச்சல் தலைக்கேறியது. முதலில் எல்லாவற்றையும் தடுப்போம், வேண்டியதைப் பிறகு திறப்போம் என்று நினைத்து... தட்டிவிட்டேன்.

என் திரை உறைந்தது.

ஐயோ! நான் போட்ட தடை என்னையே சர்வருக்கு வெளியே தள்ளிவிட்டது; சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தின கதை. தப்பு நேர்ந்தால் ஐந்து நிமிடத்தில் தடைகள் தானே நீங்கும்படி வைத்துவிட்டுத்தான் நாங்கள் இந்த வேலையில் கை வைப்போம். அவசரத்தில் அதையும் விட்டிருந்தேன். இனி எந்த மானிட்டரும் நர்ஸைக் கூப்பிட முடியாது. அக்காவுடையதும்தான்.

மணி 1:40.

நேரில் போய்த் தடையை எடுக்கலாம் என்று சர்வர் அறைக்கு ஓடினேன். கார்டை வைத்தேன். சிவப்பு விளக்கு. அந்தக் கதவும் அதே சர்வரைக் கேட்டுத்தான் திறக்கும்!

ஐ.சி.யூ. வாசலில் இருந்த அத்தானுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

டக்...

கதவின் உள்பக்கத்திலிருந்து.

டக்...

மூன்று நொடிக்கு ஒரு முறை.

கண்ணாடி வழியே அறை முழுவதும் தெரிந்தது. உள்ளே யாரும் இல்லை.

ஐ.சி.யூ.வுக்குப் படியேறி ஓடினேன்.

அக்காவைச் சுற்றி ஒரே கூட்டம். அத்தான் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"பொழச்சிட்டாடா..."

நர்ஸ் தன் போனை என்னிடம் நீட்டினாள். "நல்லவேளை, போன் அடிச்சுது. நான் வந்து நின்ன அப்புறம்தான் அவங்களுக்கு மூச்சே நின்னுது."

போனை வாங்கிப் பார்த்தேன். ஆறாம் கட்டில். 1:41. நான் தடுத்த அதே முகவரி.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் பழைய சாமான் அறைக்குக் கூட்டிப்போனார். மூலையில் ஒரு மானிட்டர். வயர் இல்லை, பேட்டரி இல்லை, மேலே விரல் கனத்துக்குத் தூசி.

"போன வருஷம் ஆறாம் கட்டில்ல இருந்தது. சர்வர் திணறி, இதோட அலாரம் யாருக்குமே போய்ச் சேரல. படுத்திருந்தவரு..."

அவர் அந்தத் தூசி மேல் கை வைக்காமலே கதவைச் சாத்தினார்.

அக்கா வீடு திரும்பிவிட்டாள். எல்லாவற்றையும் அடைத்த தடையை அன்றே நீக்கியாயிற்று; அந்த முகவரிக்குப் போட்ட தடையையும் நானே எடுத்துவிட்டேன்.

இன்று காலை அது மறுபடி தட்டத் தொடங்கியிருக்கிறது.

பதறிப்போய் அக்காவைக் கூப்பிட்டேன். "நல்லாத்தானேடா இருக்கேன், எத்தன தடவ கேப்ப?" என்று சிரித்தாள்.

நர்ஸைக் கூப்பிட்டேன்.

"ஆறாம் கட்டிலா? காலியா இருக்கு. சாயங்காலம் யாரோ வர்றாங்களாம்."

"யாரு?"

"பேர் இன்னும் வரலையே... ஏன்?"

போனை வைத்துவிட்டேன்.

தட்டல் நிற்கவில்லை.